கேட்காமல் திருப்பிக் கொடுத்தது

கவர்க்காரம்மாவின் சலவைக்கடையில் துணி போட்டுவிட்டு எதையாவது தொலைத்தவர் என்று ஒரே ஒரு ஆளைக் காட்டிவிட்டால் போதும், கடையையே எழுதிக் கொடுத்துவிடுவாள். சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. அவள் கை பைக்குள் போய் வராமல் எந்தத் துணியும் சலவை இயந்திரத்துக்குள் போனதில்லை. கால்சட்டை என்றால் பின்பை உட்பட எல்லாப் பையும். கோட்டு என்றால் உள்பைக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் பை வரைக்கும். கிடைத்ததைத் தண்ணீர் புகாத மெழுகுக் காகிதக் கவரில் போட்டு, வாயை மடித்து, துணியின் உள்பக்கம் ஊக்கால் குத்திவிடுவாள். கவரின் மேல் ‘உங்கள் பொருள் உங்களுக்கே’ என்று அச்சடித்திருக்கும். பெயரே அப்படி வந்ததுதான். அவளுடைய சொந்தப் பெயரைத் தெருவில் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

பைகளிலிருந்து அவள் எடுக்காத பொருள் இல்லை. பல் செட்டு, பாதி தின்ற மிட்டாய், கல்யாண மோதிரம், ஒற்றைக் காதணி. அந்தக் காதணி அந்த வீட்டு மனைவியுடையது அல்ல என்பது, அவர்கள் துணி வாங்க வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மூச்சு விட்டிருப்பாளா? தன் கணவரிடம் சொன்னதோடு சரி. அவரிடம் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. நீராவி இஸ்திரிப் பெட்டி போடும் சத்தத்தில் அவருக்குப் பாதி காதில் விழாது, மீதியை அவரே மறந்துவிடுவார்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. துணியின் டோக்கன் காலரில்தான் குத்தியிருக்கும். பையைத் துழாவும்போது காலரை உள்பக்கமாக மடித்துவிடுவாள். யாருடைய துணி என்று தெரியக்கூடாதாம்! தெரிந்தால் முகத்தில் காட்டிவிடுவாளாம், அப்புறம் அந்த ஆள் கடைப் பக்கமே வரமாட்டாராம். இப்படி ஒரு நேர்மை. இதைப் புது வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இந்த நேர்மைதான் அவள் வீட்டிலேயே கை வைத்தது.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பாப்பா. தோழிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் கண்ணாலேயே எரித்துவிடுவாள். ஆனாலும் பாப்பாதான். அந்தப் பாப்பா கொஞ்ச நாளாக ஆளே மாறியிருந்தாள். சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து ஹேங்கர்களைப் பிரித்து வைத்தாள். அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே வந்து நின்றாள். ஏதாவது கேட்கப்போகிறாளோ என்பது போல முகத்தையே பார்த்தாள். கவர்க்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “எம் பொண்ணுக்குப் பொறுப்பு வந்திடுச்சு. பரீட்சைக்கும் விழுந்து விழுந்து படிக்கிறா. ராத்திரியெல்லாம் அவ ரூம்ல நடக்கிற சத்தம் கேக்குது, பாத்துக்கோங்க” என்று பக்கத்து செருப்புக்கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டாள். அவருக்கும் பதினாறு வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்துவதில்லை. பாவம், மனிதர் பெருமூச்சு விட்டார்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் ஒரு தம்பதி சலவைக்குப் போட்ட சூட்டை வாங்க வந்தார்கள். மனைவி வந்ததும் வராததுமாக, “இவரு சிகரெட்ட விட்டு ஆறு மாசம் ஆகுதுங்க. இப்ப வாய்ல ஏலக்காதான்” என்று பெருமையடித்தாள். சூட்டின் உள்பையிலிருந்து கிடைத்த லைட்டரும் ரெண்டு சிகரெட்டும் ஊக்கு குத்திய கவருக்குள் பத்திரமாக இருந்தன. கவர்க்காரம்மா முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. சூட்டை மனைவி நீட்டிய கையைத் தாண்டிக் கணவனின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாலேயே கும்பிடு போட்டார். கதவு சாத்தியதும் இவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“பாத்தியா பாப்பா? ஒரு வார்த்த கேட்டனா? அதான்டி தொழிலு.”

ஹேங்கர்களைப் பிரித்துக்கொண்டிருந்த பாப்பா திரும்பவில்லை. “என்கிட்டயும்தான் கேக்கல” என்றாள்.

“உன்கிட்ட என்னத்தக் கேக்கல?”

“கோட்டுல இருந்தத.”

“எந்தக் கோட்டு?”

இப்போது பாப்பா திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. “விளையாடாதம்மா. என் ஸ்கூல் கோட்டு. நீதான கவர்ல போட்டுக் குத்தி வெச்ச? அந்த ரெண்டு மாத்திரைய.”

அப்போதுதான் கவர்க்காரம்மாவுக்கு உறைத்தது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாரியாகப் படம் எடுத்தார்கள். அதற்காக அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கோட்டுகள் அத்தனையும் கடைக்கு வந்து குவிந்தன. எல்லாம் ஒரே கருநீலம், ஒரே பித்தளைப் பொத்தான். மகளுடையதையும் அந்தக் குவியலில்தான் தூக்கிப் போட்டிருந்தாள். ஏதோ ஒரு கோட்டின் குட்டிப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது. உள்ளே பெயர் எதுவும் இல்லாத ரெண்டு ரோஸ் நிற மாத்திரை. எந்தப் பிள்ளைக்கோ காய்ச்சல் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தது இப்போதுகூட நினைவிருக்கிறது. அதைக் கவரில் போட்டாள். ஊக்கு குத்தினாள். காலர் மடிந்தே இருந்தது, இஸ்திரி ஆனதும் பாப்பாவே தன் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

“நீ பாத்துட்டுதான் திருப்பிக் குடுத்திருக்கன்னு நெனச்சேன்” என்றாள் பாப்பா. “கவர்மேல வேற உங்கள் பொருள் உங்களுக்கேன்னு போட்டிருந்துச்சா, எனக்கு உசுரே போயிடுச்சு. அன்னைக்கு நைட்டு சாப்பிடும்போது கேப்ப, இப்பக் கேப்பன்னு உன் வாயையே பாத்துட்டு இருந்தேன். நீ, இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்ட. அவ்ளோதான் கேட்ட.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நீயே ஒண்ணும் சொல்லல. அப்ப பெரிய விஷயம் இல்ல போலன்னு...” பாப்பாவின் குரல் உள்ளே போயிற்று. “ஒண்ணு போட்டுப் பாத்தேன்.”

கவர்க்காரம்மாவின் கை தானாக ஓங்கியது. இந்தக் கை சாதாரணக் கை இல்லை. சோப்புத்தூள் ஒரு நாள் தாமதமாக வந்தால் அந்த வண்டிக்காரர் இந்தக் கைக்குப் பயந்து வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் இந்த வாய் இத்தோடு மூடிக்கொள்ளும், அப்புறம் கடப்பாரை போட்டு நெம்பினாலும் திறக்காது. அது அவளுக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. கையை இறக்கினாள். போய்க் கடைக்கதவில் தொங்கிய அட்டையை ‘மூடியிருக்கிறது’ என்று திருப்பினாள். உள்தாழ்ப்பாளும் போட்டாள்.

இஸ்திரி அறையிலிருந்து கணவர் வியர்த்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். “என்னாச்சு? பட்டப்பகல்ல கடைய சாத்துற?”

“வந்து உக்காருங்க. பாப்பா சொல்றதக் கேளுங்க. முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக்கூடாது.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து குறுக்கே பேசுவதையே வேலையாக வைத்திருக்கும் பெண் இதைச் சொன்னதும் அவருக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து துணிமூட்டை மேல் உட்கார்ந்தார். பாப்பா இன்னொரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். கவர்க்காரம்மா தரையிலேயே உட்கார்ந்தாள், மகளுக்கு நேர் எதிரில்.

பாப்பா சொன்னாள். சிட்டுதான் கொடுத்தாளாம். சிட்டு என்றால் பாப்பாவின் உயிர்த்தோழி. ஓட்டப்பந்தயத்தில் காற்றாய்ப் பறப்பாள் என்று வாத்தியார் வைத்த பெயர் அது. டியூஷன் வாசலில் ஒருத்தன் நிற்கிறானாம். முதல் தடவை சும்மாவே கொடுப்பானாம். தூக்கம் வராது, படிப்பதெல்லாம் அப்படியே மண்டையில் ஏறும், கவலையே இருக்காது என்று சொன்னானாம்.

“ஏறுச்சா?” என்று கேட்டுவிட்டார் அப்பா. மனைவி முறைத்த முறையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஒண்ணும் ஏறலப்பா. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கை ரெண்டும் நடுங்குச்சு. படுக்க முடியல, உக்கார முடியல, ரூமுக்குள்ளயே நடந்துட்டு இருந்தேன். செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன். உங்க கதவத் தட்டலாம்னு வெளிய வந்தேன். தட்டல.”

நடக்கிற சத்தம்! அதைத்தானே செருப்புக்கடைக்காரரிடம் பீற்றினாள்! கவர்க்காரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “ஏண்டி தட்டல? தட்டியிருக்கக்கூடாதா?”

“தட்டி என்ன சொல்றது? நீதான் தெரிஞ்சே விட்டுட்டியேம்மா.”

“எனக்குத் தெரியாதுடி! சத்தியமாத் தெரியாது. காலர மடிச்சு வெச்சிட்டுப் பாத்தேன். யார் கோட்டுன்னே எனக்குத் தெரியாது.”

பாப்பா அம்மாவையே பார்த்தாள். “நெசமாவே தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பனா? ஊர ரெண்டாக்கியிருக்க மாட்டேன்?”

பாப்பா பொலபொலவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. “அதான் எனக்கும் சந்தேகமா இருந்துச்சு. சோப்புத்தூளுக்கே அந்தக் கத்து கத்துறவ, இதுக்கு எப்பிடி சும்மா இருக்கான்னு.”

கவர்க்காரம்மா மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். கணவர் இஸ்திரி போட்டு வைத்திருந்த யாருடைய கைக்குட்டையையோ எடுத்து மூக்கைச் சிந்தினார். அப்புறம் பதறிப்போய் அதைத் திரும்ப அழுக்குக் கூடையில் போட்டார்.

அழுது முடித்ததும் கவர்க்காரம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொன்னு எங்க?” என்றாள்.

பாப்பா தன் பென்சில் டப்பாவைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பழக்கதோஷம், அம்மாவின் கை கவர்க்கட்டுப் பக்கம் போனது. சீ என்று கையை உதறிவிட்டுப் பொட்டலத்தைத் தன் பர்சுக்குள் போட்டாள். “இத டாக்டர் பாக்கட்டும். நாளைக்குக் காலைல மூணு பேரும் போறோம். நாளன்னைக்கு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய டீச்சரப் பாக்குறோம், அந்த டியூஷன் வாசல்ல நிக்கிறவனப் பத்திச் சொல்றோம்.”

“நாளன்னைக்கு எதுக்கு? இப்பவே போறேன் நான்” என்று எழுந்தார் கணவர். “அவன் கைய முறிச்சு...”

“நீங்க எறும்பக்கூட மிதிக்க மாட்டீங்க, உக்காருங்க.” அவர் உட்கார்ந்தார். கவர்க்காரம்மா மகள் பக்கம் திரும்பினாள். “ஆமா, இவ்ளோ நாள் சொல்லாதத இன்னைக்கு ஏன் சொன்ன?”

பாப்பா ஹேங்கரின் கொக்கியைத் திருகினாள். “சாயங்காலம் சிட்டு வருவா. அவங்க வீட்ல யாரும் இல்லயாம். ரெண்டு பேரும் சேந்து போடலாம், சேந்து போட்டா பயமா இருக்காதுன்னு கூப்பிட்டா.”

“போகணும்னு இருக்கா?” பதிலைக் கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“பாதி இருக்கு.”

பாதியா! இன்னொரு அம்மாவாக இருந்தால் அந்தப் பாதிக்கே பேயாட்டம் ஆடியிருப்பாள். இவளுக்கும் ஆட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பெண் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். மறைத்து வைத்த முழுசைவிட சொன்ன பாதி எவ்வளவோ மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். “மிச்சப் பாதி?”

“வேணாம்னு இருக்கு. ஆனா போகலன்னா சிட்டு என்கிட்டப் பேச மாட்டா. அவளுக்கு என்ன விட்டா யாரும்மா இருக்கா?”

“சரி. என் மேல பழியப் போடு. எங்கம்மா ராட்சசி, தெனமும் பையெல்லாம் சோதன போடுறா, மாட்டினா தோல உரிச்சிடுவான்னு சொல்லு. உனக்குத் தப்பிக்க வழி வேணும்னா எப்பவும் என்னச் சொல்லிக்கோ. நான் எவ்ளோ கெட்ட பேரும் தாங்குவேன்.”

“அதுல பொய் ஒண்ணும் இல்லயே” என்றாள் பாப்பா.

“கொழுப்புடி உனக்கு. எங்க, சொல்லிக் காட்டு. என்னங்க, நீங்கதான் சிட்டு. கூப்பிடுங்க.”

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீச்சுக்குரலில், “வாடி பாப்பா, போலாம், ஜாலியா இருக்கும்” என்றார். அந்தக் குரலைக் கேட்டு அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பாவால் நாலு தடவை சொல்லிப் பார்த்தும் சிரிக்காமல் முடிக்க முடியவில்லை. கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் சிட்டு வந்தாள். கண்ணாடிக் கதவில் விரலால் தாளம் போட்டாள். ஒடிசலான பெண், துறுதுறுவென்ற கண். கவர்க்காரம்மா கதவைத் திறந்துவிட்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இவளுடைய குதிரைவாலைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினால் என்ன என்று கை பரபரத்தது. ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

“கிளம்பலியா?” என்றாள் சிட்டு.

“நான் வரல” என்றாள் பாப்பா.

“ஏன்? உங்கம்மா விடலியா?”

இதோ, இப்போது சொல்லப்போகிறாள். ராட்சசி, சோதனை, தோலை உரிப்பது, எல்லாம் வரிசையாக வரப்போகிறது. கவர்க்காரம்மா ராட்சசி முகத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டாள்.

“அம்மா விட்டாலும் வரல” என்றாள் பாப்பா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “எனக்கு அது வேணாம் சிட்டு. அன்னைக்கு நான் செத்துப் பொழச்சேன். உன்கிட்ட நல்லாருந்துச்சுன்னு பொய் சொன்னேன். நல்லாவே இல்ல. நீயும் போடாத.”

மடித்துக்கொண்டிருந்த சட்டை கவர்க்காரம்மாவின் கையிலிருந்து நழுவியது. சொல்லிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை இல்லையே! இவள் தானாகவே பேசுகிறாளே! பெருமையில் நெஞ்சு விம்மியது. என் பெண் தப்பிவிட்டாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

சிட்டுவின் முகம் சுருங்கியது. “போ, பயந்தாங்கொள்ளி. நான் தனியாவே போட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள்.

சிட்டுவின் அம்மா பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய சீருடை இதோ இந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. பஸ் டிப்போ ஆட்கள் இத்தனை பேர் இந்தக் கடைக்கு வருவதே அவள் சொல்லித்தான். ‘எம் பொண்ணப் பத்திப் பேச நீ யாரு’ என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், டிப்போ மொத்தமும் வேறு கடைக்குப் போய்விடும். அடுத்த வீட்டுப் பெண், அடுத்த வீட்டுப் பை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் இவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படி மூடிக்கொண்டிருந்ததன் லட்சணத்தைத்தான் மத்தியானமே பார்த்தாயிற்றே! கவர்க்காரம்மா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

“கண்ணு, நில்லு. உன் பைல என்ன வெச்சிருக்க?”

இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை ஒருவரிடமும் அவள் கேட்டதில்லை.

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி.”

“இதுவரைக்கும் எத்தன போட்டிருப்ப?”

சிட்டு பாப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று. பாப்பா தலையைக் குனியவில்லை. போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். சிட்டுவின் உதடு கோணியது.

“எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. ப்ளீஸ் ஆன்ட்டி.”

“சொல்லத்தான் போறேன். ஒளிவு மறைவே இல்ல. டியூட்டி முடிஞ்சு டிப்போவுக்கு வந்திருப்பாங்கல்ல? இப்பவே போறோம்.”

“கொன்னுடுவாங்க என்ன!”

“கொல்ல மாட்டாங்க. திட்டுவாங்க. நல்லா வாங்கிக் கட்டிக்குவ. எனக்கும் சேத்துக் கெடைக்கும். ஆனா தனியா வாங்க மாட்டடி. நான் ஒரு பக்கம் நிப்பேன், இவ ஒரு பக்கம் நிப்பா.”

சிட்டு நின்றாள். குதிரைவாலின் நுனியைப் பிடித்துத் திருகினாள். அப்புறம் மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துக் கவர்க்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். யாரும் கேட்காமலே அவள் குனிந்து, இடது காலின் காலுறைக்குள்ளிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள்.